குரோஷா ஊசியின் கதை: நாகர்கோவில் லேஸ் முதல் நம்ம வீட்டு டிவி கவர் வரை

நீண்ட இழை இது. சேமிச்சு வெச்சுக்கிட்டு நேரம் கிடைக்கும்போது படிங்க.

"டாக்டர், குரோஷா போட்டா டென்ஷன் குறையுமாமே, உண்மையா?" சமீப காலமா அடிக்கடி வர்ற கேள்வி. இன்ஸ்டாவைத் திறந்தா யாராவது ஒருத்தர் கலர் கலரா உல்லன் நூல்ல பை, பொம்மை, பூ பின்னிக்கிட்டு இருக்காங்க. பல பேருக்கு இது புது ஃபேஷன் மாதிரி தெரியுது. முப்பது வருஷத்துக்கு முன்னாடி நம்ம வீடுகள்ல ரேடியோ மேல, டிவி மேல, டீப்பாய் மேல விரிச்சிருந்த வெள்ளைப் பின்னல் துணி ஞாபகம் இருக்கா? அதே சரக்குதான் இது.

"குறையும்"னு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா ஒரு சாண் நீளம்கூட இல்லாத அந்தக் கொக்கி ஊசிக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கு. அதில் பஞ்சம் இருக்கு, அடிமை முறை இருக்கு, ஏற்றுமதி வியாபாரம் இருக்கு, ஆஸ்பத்திரியும் இருக்கு. நம்ம தென்கோடிக் கரைக்கு அதில் முக்கியமான இடம் உண்டு. ஒரே வேலை, ஒருத்திக்கு ஓய்வாவும் இன்னொருத்திக்குக் கூலியாவும் எப்படி மாறுதுன்னு பார்க்கத்தான் இந்த இழை. கடைசியில் எப்படி ஆரம்பிக்கிறதுன்னும் சொல்றேன்.

முதல்ல நம்ம ஊர்லேயே தொடங்குவோம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் போனீங்கன்னா கரையில் வலையை விரிச்சுப் போட்டு ஆண்கள் உட்கார்ந்து கிழிசல் அடைச்சுக்கிட்டு இருப்பாங்க. கால் கட்டை விரல்ல வலையை மாட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, கையில் நூல் சுற்றின ஊசியோட, பேச்சையும் விடாம, கண்ணியையும் விடாம. "பின்னல் பொம்பளைங்க வேலை"ன்னு சொல்றவங்க ஒரு தடவை இதைப் பார்த்துட்டு வரணும்.

மீன் வலைக்கும் குரோஷாவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வலையில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி முடிச்சு. ஒரு இடம் அறுந்தாலும் மத்ததெல்லாம் அப்படியே நிற்கும். குரோஷாவில் முடிச்சு கிடையாது. ஒரு கண்ணிக்குள்ள இன்னொரு கண்ணியை இழுத்து இழுத்துப் போறதுதான். ஊசியில் எப்பவும் உயிரோட இருக்கிறது ஒரே ஒரு கண்ணி. அதை விட்டுட்டு நூலை இழுத்தா மொத்தமும் பிரிஞ்சு வந்துடும்.

குறைன்னு நினைக்காதீங்க, இதுதான் அதன் பலம். ரெண்டு ஊசி வெச்சுப் பின்னுற ஸ்வெட்டர் பின்னல்ல நூறு கண்ணி ஊசியில் தொங்கிக்கிட்டு இருக்கும். குழந்தை அழுதுன்னு அவசரமா கீழே வெச்சா பத்து கண்ணி நழுவிடும். குரோஷாவில் அந்த ஒரு கண்ணியைப் பெரிசா இழுத்து விட்டுட்டு எழுந்து போகலாம். அடுப்பில் பால் பொங்கும், வாசல்ல கேஸ்காரர் வருவார், மாமியார் கூப்பிடுவாங்க. அரை மணி நேரத்தில் நாலு தடவை எழுந்திரிக்க வேண்டிய ஒருத்திக்கு இதைவிடத் தோதான கைவேலை இல்லை. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

குரோஷாவுக்கு முன்னாடி நம்ம கரைக்கு வந்தது லேஸ். இலங்கைத் தமிழர்கள் லேஸை இன்னைக்கும் "ரேந்தை"ன்னுதான் சொல்வாங்க. போர்த்துக்கீசிய மொழியில் லேஸுக்கு "ரெண்டா"ன்னு பேர். ஜன்னல், அலமாரி, சாவி, மேசை வந்த அதே கப்பல்ல வந்த வார்த்தை. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறைக் கரை முழுக்க இருந்தாங்க. மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வேதாளையில்கூட அவங்க இருந்தாங்க. அந்தோணியோ கிரிமினாலிங்கிற இயேசு சபைப் பாதிரியார் 1549-ல் கொல்லப்பட்டது அங்கதான். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் காலி, வெலிகம பகுதிகள்ல பெண்கள் இன்னைக்கும் "பீரளு" லேஸ் பின்றாங்க. அந்தப் பேரும் போர்த்துக்கீசியச் சொல்தான், "பில்ரோ"ன்னா நூல் சுற்றி வைக்கிற சின்னக் கட்டை. கெட்டியான தலையணை மேல டிசைன் தாளை வெச்சு, குண்டூசி குத்தி, அந்தக் கட்டைகளை மாத்தி மாத்திப் போட்டு நூலை முறுக்கிக் கடக்க விடுவாங்க. கொக்கி ஊசிக்கு அதில் வேலையே கிடையாது.

நாகர்கோவிலுக்கு வந்த லேஸும் இந்தத் தலையணை வகைதான். ஆனா அது போர்த்துக்கீசியர் வழியா வரலை.

1819-ல் லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவில் வந்தாங்க. அப்போ அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே ஏற்கெனவே வேலை செஞ்சுக்கிட்டிருந்த மீட் பாதிரியாரின் மனைவி ஜோஹன்னா பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியிருந்தாங்க. மார்த்தா அந்த வேலையில் சேர்ந்தாங்க. 1821 வாக்கில் அந்தப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்கொடுக்க ஆரம்பிச்சாங்க.

யார் அந்தப் பெண்கள்? இங்கதான் கொஞ்சம் நிதானமா படிக்கணும். அன்னைக்குத் திருவிதாங்கூர்ல அடிமை முறை சட்டப்படியே இருந்தது. 1836 கணக்கெடுப்பில் சமஸ்தானத்தின் மொத்த ஜனத்தொகை 12.8 லட்சம். அதில் 1.64 லட்சத்துக்கும் மேல் அடிமைகள். எட்டு பேரில் ஒருத்தர். நிலத்தை விக்கும்போது நிலத்தோட சேர்த்து ஆளையும் விப்பாங்க. குழந்தை பிறந்தா அதுவும் எஜமானனுக்குச் சொந்தம். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை போடக்கூடாதுன்னு இருந்த ஊர் அது. தோள்சீலைப் போராட்டம் நடந்ததும் இதே மண்ணில்தான். அதில் அரச அறிவிப்பு வர 1859 வரை ஆச்சு.

அந்தப் பள்ளியில் படிச்ச பிள்ளைகள்ல அடிமைகளும் இருந்தாங்க. லேஸ் வித்த காசுல ஒரு பங்கு பின்னினவங்களுக்கு வந்தது. அந்தக் காசைச் சேர்த்து வெச்சு எஜமானர்கிட்ட விலை கொடுத்துத் தன்னைத் தானே மீட்டுக்கிட்ட பெண்கள் உண்டுன்னு மிஷன் பதிவுகள் சொல்லுது. திருவிதாங்கூர் மன்னர் அடிமை முறையை முழுசா ஒழிச்சு அறிவிச்சது 1855-ல். அதுக்குப் பல வருஷம் முன்னாடியே சில பெண்கள் நூலாலயே வெளிய வந்துட்டாங்க.

மேலாடை போட உரிமை இல்லாத சமூகத்துப் பெண், ஐரோப்பியச் சீமாட்டியின் சட்டை ஓரத்துக்கு அலங்காரம் பின்னியிருக்கா. அதில் வந்த காசுல அவளுக்கே அவ சொந்தமாகியிருக்கா. நம்ம பாடப் புத்தகங்கள்ல இது ஒரு பத்தியாவது வந்திருக்கணும்.

மிஷன்காரங்க எழுதின கணக்குங்கிறதால கொஞ்சம் கவனமாவும் படிக்கணும். தங்கள் பள்ளியின் புகழைப் பாடுறதும் அதில் உண்டு. லேஸ் வித்த காசுல பள்ளிச் செலவும் நடந்தது, வாங்கினவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், டிசைனும் அவங்க ரசனைக்குத்தான். ஆனாலும் கூலின்னு ஒரு காசு கையில் வாங்குறதே அந்தப் பெண்களுக்குப் புதுசு. அதை லேசா எடைபோட எனக்கு மனசு வரலை.

மால்ட் தம்பதியின் மகள் எலிசா நாகர்கோவில்ல வளர்ந்தவங்க. சின்ன வயசிலிருந்தே தமிழ் பேசினவங்க. 1844-ல் அவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டவர் பேரைச் சொன்னா உங்க எல்லாருக்கும் தெரியும்: ராபர்ட் கால்டுவெல். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினவர். தேரி மணலும் பனை மரமுமா இருந்த இடையன்குடியில் கணவர் இலக்கணம் எழுத, எலிசா பெண்கள் பள்ளி நடத்தினாங்க. அம்மாகிட்ட கத்துக்கிட்ட லேஸ் வேலையை அந்த ஊர்ப் பெண்களுக்குக் கத்துக்கொடுத்தாங்க. கால்டுவெல்லுக்குச் சென்னைக் கடற்கரையில் சிலை இருக்கு. எலிசா பேரைக் கேட்டா தமிழ் படிச்சவங்கள்லயே பாதிப் பேர் யோசிப்பாங்க.

சரி, கொக்கி ஊசி எப்ப வந்தது? கம்பளி நூலைக் கொக்கியால இழுத்துப் பின்னுற பழக்கம் ஐரோப்பாவில் அங்கங்கே இருந்தது. குரோஷா மாதிரிகள் அச்சில் வர ஆரம்பிச்சது 1820-களில், ஒரு டச்சுப் பத்திரிகையில். எகிப்திய மம்மியோட இருந்தது, ஐயாயிரம் வருஷப் பழசுன்னு வர்ற ஃபார்வர்டை நம்பாதீங்க. இது ரயில் வண்டி வயசுக் கலை. அந்தப் பேரே பிரெஞ்சில் "சின்னக் கொக்கி"ன்னுதான் அர்த்தம்.

இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது அயர்லாந்தின் பஞ்சம். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிச்சு. அடுத்த சில வருஷத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தாங்க, இன்னொரு பத்து லட்சம் பேர் நாட்டை விட்டே போனாங்க. கார்க் நகரத்துக் கன்னியர் மடங்களிலும், குளோன்ஸ் ஊரில் கசாண்ட்ரா ஹேண்ட்ங்கிற பாதிரியார் மனைவி மூலமாவும், ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கத்துக்கொடுத்தாங்க. விலை உயர்ந்த வெனிஸ் நகர லேஸ் மாதிரியே பார்வைக்கு இருக்கும், ஆனா ஊசி லேஸைவிட ரொம்ப வேகமாப் போட்டு முடிக்கலாம். முதலீடு ஒரு கொக்கியும் ஒரு உருண்டை நூலும். அதில் வந்த காசுல பல குடும்பங்கள் சோறு தின்னுச்சு, சிலர் அமெரிக்காவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்தாங்க. அந்தக் கன்னியர் மடத்துக் கைவேலை மரபுதான் பின்னாடி நம்ம கான்வென்ட் பள்ளிகளுக்கும், தையல் டீச்சர்கள் வழியா நம்ம பாட்டி, அம்மா கைக்கும் வந்து சேர்ந்தது.

இதுவரைக்கும் கேட்க நல்லா இருக்கு. பசியில் இருந்தவளுக்குச் சோறு, அடிமைக்கு விடுதலை. இனி வர்ற பகுதி அவ்வளவு இனிப்பா இருக்காது.

ஆந்திராவில் கோதாவரி டெல்டாவில் நரசாபுரம்னு ஒரு ஊர். ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1844-ல் அங்கே லேஸ் வேலையைக் கொண்டுவந்ததா சொல்வாங்க. இன்னைக்கும் இந்தியாவின் குரோஷா தலைநகரம் அதுதான். 2024-ல் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது.

1970-களின் கடைசியில் மரியா மீஸ்ங்கிற ஜெர்மன் சமூகவியலாளர் அந்த ஊர்ல தங்கி ஆய்வு பண்ணாங்க. 1982-ல் புத்தகமா வந்தது, "நரசாபுரத்தின் லேஸ் பின்னுவோர்"னு பேர். அவங்க பார்த்தது என்னன்னா, லட்சம் பெண்களுக்குப் பக்கமா வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் உட்கார்ந்து பின்றாங்க. வீட்டு வேலை எல்லாம் போக ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம். சரக்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகுது, ஏற்றுமதியாளர்கள் மாடி வீடு கட்டுறாங்க. பின்னினவளுக்குக் கிடைச்சது குறைந்தபட்சக் கூலியில் ஒரு சின்னப் பங்கு. வயலில் நாத்து நட்ட பெண்ணுக்கே இவளைவிட அதிகக் கூலி.

எப்படி இந்த அநியாயம் கேள்வி இல்லாம நடந்தது? மீஸ் சொல்ற பதில்தான் எனக்கு இந்த மொத்தக் கதையின் மையம். வியாபாரிகள் அந்தப் பெண்களைத் தொழிலாளிகள்னு சொல்லவே இல்லை. "இவங்க குடும்பப் பெண்கள், சும்மா இருக்கிற நேரத்தில் பொழுதுபோக்கா பின்றாங்க"ன்னு சொன்னாங்க. பொழுதுபோக்குக்கு யாராவது சம்பளம் கேப்பாங்களா? அந்தப் பெண்களும், வெளியே போய்க் கூலி வேலை பார்க்காம வீட்ல உட்கார்ந்திருக்கிறதே கௌரவம்னு நம்பினாங்க. தன் உழைப்பை ஓய்வுன்னு ஒருத்தியை நம்ப வெச்சுட்டா கூலியே கொடுக்க வேண்டாம். முன்னாடி சொன்னேன் பாருங்க, நாலு தடவை எழுந்திரிச்சாலும் விட்ட இடத்தில் தொடரலாம்னு, அந்த வசதியே இங்க அவளுக்கு எதிரா வேலை செஞ்சது.

இன்னொரு உண்மையும் தெரிஞ்சுக்கணும். ஸ்வெட்டர் பின்ன மெஷின் இருக்கு, தலையணை லேஸ் மாதிரியே போடவும் மெஷின் இருக்கு. அசல் குரோஷாவைப் போட இன்னைக்கு வரைக்கும் தொழிற்சாலை மெஷின் கிடையாது. பார்வைக்கு அப்படித் தெரியற மெஷின் துணி கடையில் இருக்கும், கண்ணியை உத்துப் பார்த்தா வேற மாதிரி இருக்கும். அதனால 299 ரூபாய்க்கு ஆன்லைன்ல அசல் குரோஷா டாப் வருதுன்னா, எங்கேயோ ஒரு மனுஷி அதை மணிக்கணக்கா உட்கார்ந்து பின்னியிருக்கா. இதில் வேற கணக்கே கிடையாது.

இப்ப நம்ம துறைக்கு வர்றேன். கைவேலை எப்ப மருந்தாச்சு?

மனநலக் காப்பகங்கள்ல நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைக்கிறதுதான் ஐரோப்பாவில் பழைய வழக்கம். 1796-ல் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் வில்லியம் டியூக் ஒரு இல்லம் தொடங்கினார். சங்கிலி கிடையாது. அதுக்குப் பதிலா தோட்ட வேலை, தையல், பின்னல்னு கைக்கு வேலை கொடுத்தாங்க. முதல் உலகப் போரில் அடிபட்டும் மனசு உடைஞ்சும் வந்த சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியில் கூடை பின்னவும், நெய்யவும் சொல்லிக்கொடுத்தாங்க. அதிலிருந்து தனித் துறையா வளர்ந்ததுதான் தொழில்வழி சிகிச்சை. இந்தியாவில் இதுக்கு முதல் பள்ளியை 1950-ல் மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் தொடங்கினவங்க கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரைக் கல்யாணம் பண்ணி இங்கேயே தங்கிட்டவங்க.

இந்த மாவட்டத்துக்காரங்களுக்குச் சங்கிலின்னு சொன்னாலே ஏர்வாடி ஞாபகம் வரும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஒரு தனியார் மனநலக் காப்பகத்துக் கொட்டகையில் தீ பிடிச்சது. கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியாம 28 பேர் எரிஞ்சு செத்தாங்க. யார்க் இல்லம் வந்து 205 வருஷம் கழிச்சு. 2017 மனநலச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக்கூடாதுன்னு நேரடியாவே சொல்லுது. கைக்கு வேலை கொடுக்கிறதுங்கிற விஷயம் எனக்கு வெறும் ஹாபி சமாச்சாரமா தெரியாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதேசமயம் அந்தப் பழைய காப்பகங்களும் போகப்போகக் கெட்டுச்சு. நோயாளிகளைத் துணி துவைக்கவும் வயல்ல உழவும் விட்டு, சம்பளமே கொடுக்காம "இதுதான் சிகிச்சை"ன்னு சொன்ன இடங்கள் நிறைய. நரசாபுரத்துக் கதையேதான், சிகிச்சைங்கிற வேற பேர்ல.

ஆய்வுகள் என்ன சொல்லுது? 2013-ல் வந்த ஒரு சர்வேயில் ஸ்வெட்டர் பின்னுறவங்க 3,545 பேர்கிட்ட கேட்டாங்க. அடிக்கடி பின்னுறவங்க மனசு அமைதியா இருக்குன்னு சொன்னாங்க. 2020-ல் ஆஸ்திரேலியாவின் வொலொங்காங் பல்கலைக்கழகத்துக்காரங்க குரோஷாவுக்குன்னே ஒரு சர்வே வெளியிட்டாங்க. 87 நாடுகள், 8,391 பேர். பத்துல ஒன்பது பேர்கிட்ட, பின்னினா அமைதியா இருக்குங்கிறதுதான் பதில்.

இதில் ஒரு ஓட்டை இருக்கு, சொல்லிடறேன். பதில் சொன்னவங்க எல்லாருமே ஏற்கெனவே குரோஷா பிடிச்சுப் போடுறவங்க. பிரியாணிக் கடை வாசல்ல நின்னு "பிரியாணி பிடிக்குமா"ன்னு கேட்ட மாதிரி. அதனால "குரோஷா போட்டா பிபி மாத்திரையை நிறுத்திடலாம்"னு யாராவது அனுப்பினா உடனே டெலிட் பண்ணுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வாழவே வேண்டாம்னு தோணுதுன்னா ஊசியைத் தேடாதீங்க, டாக்டரைத் தேடுங்க. மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாப் பார்க்கறாங்க. 14416-க்கு எப்ப வேணும்னாலும் கூப்பிடலாம்.

அன்றாட டென்ஷனுக்கு இது உதவும்னு நான் நம்பறதுக்கு எளிய காரணங்கள் உண்டு. ஒரே மாதிரி அசைவு திரும்பத் திரும்ப வருது. எண்ணிக்கிட்டே இருக்கிறதால பழைய சண்டையை மனசுக்குள்ள ஓட்ட இடம் இல்லை. ரெண்டு கையும் நூல்ல மாட்டியிருக்கிறதால போனை நோண்ட முடியாது. இதுதான் மூணிலும் பெரிய லாபம்.

ஆனா ஓ.பி.யில் உட்கார்ந்துகிட்டு எல்லாருக்கும் "ரிலாக்ஸ் பண்ணுங்கம்மா"ன்னு சொல்ல வாய் வராது. விடியுமுன்னே கடல்பாசி எடுக்கப் போறவங்க, கருவாடு காய வைக்கிறவங்க, பனை ஓலையில் கூடை முடையறவங்க இந்தக் கரையில் இருக்காங்க. அவங்க கை ஏற்கெனவே நாள் முழுக்க வேலை செய்யுது. அவங்களுக்கு வேண்டியது இன்னொரு கைவேலை இல்லை, நேரம்.

"வீட்டிலிருந்தே குரோஷா, மாதம் இருபதாயிரம்" விளம்பரம் பார்க்கிற சகோதரிகளுக்கு ஒரு கணக்கு. ஒரு பைக்கு 400 ரூபாய் கிடைக்குது, நூல் 180 ரூபாய், பின்ன 12 மணி நேரம்னு வெச்சுக்கோங்க. மிச்சம் 220. மணிக்கு 18 ரூபாய் சொச்சம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவிச்ச கூலி நாளுக்கு 336, எட்டு மணி நேரத்துக்குப் பிரிச்சா மணிக்கு 42. விலை சொல்றதுக்கு முன்னாடி கடிகாரத்தைப் பார்த்து மணிக்கணக்கை எழுதி வைங்க. "சும்மா இருக்கிற நேரம்தானே, குறைச்சுக் கொடுங்க"ன்னு யாராவது பேரம் பேசினா நரசாபுரத்தை நினைச்சுக்கோங்க. முன்பணம் கட்டச் சொல்றவங்க பக்கமே போகாதீங்க.

இனி, உங்களுக்காக மட்டும் போட்டுப் பார்க்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு.

முதல் ஊசி 4 அல்லது 5 மில்லிமீட்டர் அலுமினிய ஊசி. மெல்லிய வெள்ளை நூல், நுனி தெரியாத ஸ்டீல் ஊசின்னு அம்மா காலத்துச் சாமானோட ஆரம்பிச்சா ரெண்டே நாள்ல வெறுத்துடும். வெளிர் நிற நூல் வாங்குங்க, கறுப்பில் கண்ணி தெரியாது. நம்ம ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் உல்லன் கையில் ஒட்டும், பருத்தி நூல் சௌகரியம். உப்புக் காத்துல ஸ்டீல் ஊசி துருப்பிடிக்கும், துடைச்சு மூடி வைங்க.

யூடியூப்ல பார்த்துக் கத்துக்கிறவங்க குழம்புற இடம் ஒண்ணு இருக்கு. அமெரிக்காக்காரங்க "சிங்கிள்"னு சொல்றதை இங்கிலாந்துக்காரங்க "டபுள்"னு சொல்வாங்க. மாதிரி எந்த நாட்டுக் கணக்குன்னு முதல்லயே பார்த்துடுங்க, இல்லைன்னா தொப்பி போட நினைச்சது கூடையா வரும்.

கையும் கண்ணும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கீழே வெச்சு விரலை விரிச்சு மடக்குங்க, தூரத்தில் எதையாவது பாருங்க. ஊசியைப் பேனா மாதிரி இறுக்கிப் பிடிக்கறவங்க கைப்பிடிக்குக் கொஞ்சம் துணி சுத்திக்கலாம். ராத்திரியில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்துப்போய் எழுப்புதுன்னா மணிக்கட்டு நரம்பு அழுந்துதுன்னு அர்த்தமா இருக்கலாம், காட்டுங்க. சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு விரல் மடங்கி மாட்டிக்கிற தொந்தரவு அதிகம், அவங்க இன்னும் மெதுவா போகணும். நாப்பது தாண்டிக் கண்ணி மங்கலாத் தெரிஞ்சா ஊசியைக் குறை சொல்லாம கண்ணாடிக்கு டெஸ்ட் பண்ணுங்க.

பச்சைக் குழந்தைக்குப் போடுறவங்க இதைக் கட்டாயம் படிங்க. கையுறை, காலுறை உள்பக்கத்தில் தொங்கற ஒரு நூல் குழந்தையின் விரல்ல சுத்திக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னு விரலே போகலாம். காரணம் தெரியாம வீறிட்டு அழற குழந்தையை நாங்க விரல் விரலாப் பிரிச்சுப் பார்க்கிறது இதுக்காகத்தான். பெரிய பெரிய ஓட்டை விழற டிசைன் வேண்டாம், பொம்மைக்கு பட்டன் கண் வேண்டாம், தூங்குற குழந்தை பக்கத்தில் பொம்மையே வேண்டாம்.

என்ன போடலாம்? ஒரே ஒரு கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டா மூணு பொருள் போடலாம். ஒரு வளையத்தில் ஆறு சிங்கிள் போட்டு ஆரம்பிங்க. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு ஆறா கூட்டுங்க: 6, 12, 18, 24. தட்டையான வட்டம் வரும், காபி டம்ளர் வைக்கலாம். ஒரு அளவுக்கு வந்ததும் கூட்டுறதை நிறுத்திட்டு அதே எண்ணிக்கையில் சுத்தினா ஓரம் கீழ மடங்கும், தொப்பி ரெடி. கீழக்கரையில் ஜும்மாவுக்குப் போறவங்க தலையில் இருக்கிற வெள்ளைப் பின்னல் தொப்பியில் கையால போட்டது கிடைச்சா வாங்கி எண்ணிப் பாருங்க, இதே கணக்குதான்.

மூணாவது, அளவுக்கு மீறிக் கூட்டுறது. ஒவ்வொரு கண்ணியிலும் ரெண்டு ரெண்டு போட்டா வட்டம் தட்டையா இருக்க முடியாம ஓரம் அலை அலையா சுருண்டு எழும்பும். கணக்கு வாத்தியார்கள் நூறு வருஷமா காகிதத்தில் காட்டத் திணறின ஒரு வளைபரப்பு இது. 1997-ல் டைனா டைமினாங்கிற கணிதப் பேராசிரியர் குரோஷா ஊசியால போட்டுக் காட்டினாங்க. 2005-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வெர்தைம் சகோதரிகள் இதைப் பார்த்துட்டு, பவளப்பாறை அச்சு அசலா இப்படித்தானே இருக்குன்னு நூல்லயே ஒரு பவளத்திட்டு பின்ன ஆரம்பிச்சாங்க, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்துக்கிட்டாங்க. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுத்தி அசல் பவளப்பாறை வெச்சிருக்கிற கரை நம்முடையது. பவளம் வெட்டி எடுத்ததால அதில் ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிடுச்சு. நம்ம பிள்ளைங்க ஸ்கூல் கண்காட்சிக்கு தெர்மாகோல் வாங்குறதுக்குப் பதில் இதைப் போடலாம். பசங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன், வலை பின்னின தாத்தாவின் பேரனுக்கு இது கஷ்டமா இருக்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதில் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகும்: 6, 12, 24, 48, 96, 192. அஞ்சாவது சுற்று போட ஆகுற நேரமும் நூலும், முன்னாடி போட்ட நாலு சுற்றுக்கும் சேர்த்து ஆனதைவிடக் கொஞ்சம் கூடத்தான். அதனால ஆறாவது சுற்றுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி உருண்டையில் நூல் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்த்துக்கோங்க.